சாமி மூட்டைமேல் வைத்த பெட்டி

1. கதவு எண்

அம்மை குத்தும் வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதமே எனக்கு வேலை போயிருக்கும். காரணம் வேறொன்றுமில்லை. ஒரு பெட்டியைத் தரையில் வைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அரசாங்கக் காகிதத்தில் என் பதவி வாக்ஸினேட்டர். திண்டிவனத்துக்காரர்கள் வைத்த பெயர் குத்துறவன். நான் தெருவில் நுழைந்தால் பிள்ளைகள் மரத்தில் ஏறுவார்கள். ஏறத் தெரியாதவற்றை அம்மாக்களே தூக்கி ஏற்றிவிடுவார்கள்.

அந்த வருஷம் கெடார் பக்கம் பெரியம்மை கண்டிருந்தது. அந்த வழியாக வந்த நரிக்குறவர் கூட்டம் ஒன்று வேர்க்கடலை விற்கும் மல்லாட்டை மண்டிக்குப் பின்னால் புளியமரத்தடியில் இறங்கியிருந்தது. மொத்தம் முப்பத்தெட்டு பேர். ஒருவர் கையிலும் தடுப்பூசித் தழும்பு இல்லை. நான் போய்ப் பெயர்களை எழுதிக்கொண்டு வந்து எங்கள் சானிட்டரி இன்ஸ்பெக்டரிடம் ரிஜிஸ்டரை நீட்டினேன்.

"கதவு எண் காலியா இருக்குதே?"

"கதவு இல்லீங்க சார்."

"கதவு இல்லாத வூடு ஏதுய்யா?"

"வூடும் இல்லீங்க சார். மரத்தடி."

"மரத்துக்கு நம்பர் இருக்குதா பாத்தியா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். கதவு எண் இல்லாதவர்கள் ஜனத்தொகையில் வரமாட்டார்கள், ஜனத்தொகையில் வராதவர்களுக்கு மருந்து வராது என்பது ஆபீஸ் கணக்கு. இரண்டு நாள் கெஞ்சியபின் பக்கத்துத் தெருக்காரர்களுக்கு வந்த மருந்தில் மிச்சத்தைக் கொடுத்தார். கூடவே ஒரு உத்தரவு.

"ஐஸ் கரைஞ்சா மருந்து செத்துப்போவும். மருந்துப் பெட்டிய எக்காரணம் கொண்டும் தரையில வெக்காதே. சூடு ஏறிடும். வெச்சேன்னா மெமோதான்."

2. நல்ல உயரமான இடம்

காலையில் சோடாக் கடையில் ஐஸ் வாங்கி, உமி போட்டுப் பெட்டியில் அடைத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனேன். கூட்டத்தின் பெரியவர் ரங்கன் வந்து வணக்கம் சொன்னார். குத்தும் சாமானை எடுக்க இரண்டு கையும் வேண்டும். பெட்டியை எங்கே வைப்பது? சுற்றிலும் தரை. மரத்தடியில் ஒரு கல்லின்மேல் சிவப்புத் துணி மூட்டை ஒன்று இருந்தது. சுத்தம், நிழல், நல்ல உயரம். பெட்டியை அதன்மேல் பதவிசாக வைத்தேன்.

பாசிமணி கோத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"சாமி, அது எங்க அம்மா" என்றார் ரங்கன்.

அது அவர்களுடைய சாமி மூட்டை. தலைமுறை தலைமுறையாகக் கூட வரும் தெய்வம் அதற்குள் இருக்கிறது. வெளியாள் தொடக்கூடாது. நானோ பூட்டுப் போட்ட தகரப் பெட்டியையே ஏற்றி உட்கார வைத்திருந்தேன். பதறிப்போய் எடுக்கக் கை நீட்டினேன்.

"தொடாதீங்க! தொட்டது ஒரு தப்பு. மறுபடி தொட்டா ரெண்டு. பஞ்சாயத்து சொல்லட்டும்."

"பஞ்சாயத்து எப்ப பெரியவரே?"

"இப்பவே. முடியறதுக்குத்தான் மூணு நாளு, நாலு நாளு ஆவும்."

என் ஐஸ் மத்தியானம் வரைக்கும்தான் தாங்கும்.

3. பஞ்சாயத்து

வட்டமாக உட்கார்ந்தார்கள். அவர்கள் பாஷையில் ஒருவர் அரைமணி நேரம் ஆவேசமாகப் பேசினார். என்ன சொல்கிறார் என்று ரங்கனைக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சாமி. வெயிலா இருக்குதுன்னாரு."

அடுத்தவர் என்னைக் காட்டிக் காட்டிக் கத்தினார்.

"இவரு?"

"உங்க மேல தப்பில்லைன்றாரு."

பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. ஒவ்வொரு சொட்டும் என் நெஞ்சில் விழுந்தது. வேலை போவது ஒரு பக்கம். அதைவிட, தழும்பில்லாத அந்த முப்பத்தெட்டு பேரையும் பார்க்கப் பயமாக இருந்தது. இந்த மருந்து செத்தால் இன்னொரு மருந்துக்குக் கதவு எண் கேட்பார்களே!

அப்போது வட்டத்துக்கு வெளியே கைக்குழந்தையோடு நின்ற துளசி என்ற பெண் பேசினாள். என் காதிலும் விழட்டும் என்று தமிழிலேயே பேசினாள்.

"போன வருசம் என் மூத்தது அம்மையில செத்துப் பூட்டுது. தூக்கிக்கினு போயி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன். தள்ளி நில்லுன்னாங்க. தள்ளித் தள்ளி ரோட்டுக்கே வந்துட்டேன். இன்னிக்கு மருந்து தானா வந்து அம்மா மடியில குந்திக்கினு இருக்குது. அம்மா வாணான்னு சொன்னாளா? அவ மடியில குந்துனது அவளுது. அத நம்ம புள்ளைங்க வாங்கிக்காம இருக்கலாமா?"

ரங்கன் எழுந்தார்.

"தீர்ப்பு ஆயிட்டுது. மருந்து அம்மாவுது. தப்பு பண்ணவரு பக்கத்து ஏரியில முழுவிட்டு வரணும். மொதல்ல அவரு கையில போட்டுக்கணும்."

உடுத்திய துணியோடு ஏரிக்கு ஓடினேன். ரங்கனும் முழுகிவிட்டு வந்து, மூட்டையைக் கும்பிட்டுப் பெட்டியை இறக்கினார். திறந்தேன். உமிக்குள் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஐஸ் மிச்சம் இருந்தது.

சொட்டச் சொட்ட உட்கார்ந்து என் கையிலேயே மருந்து வைத்து, வட்ட ஊசியைத் தோலில் அழுத்தித் திருகிக்கொண்டிருந்தபோது சைக்கிள் மணி கேட்டது. இன்ஸ்பெக்டர்!

"என்னய்யா, டூட்டி நேரத்துல குளிச்சிக்கினு?"

"ஆச்சாரம்ங்க சார்."

ரங்கன் மரியாதையாக அவருக்கு ஒரு பாயைப் போட்டார்.

"பெரிய சாமியும் கை நீட்டட்டும்."

"எனக்கு எதுக்குப்பா? நான் ஆபீசரு" என்று இன்ஸ்பெக்டர் சைக்கிளைத் திருப்பினார். ஊருக்கெல்லாம் குத்தச் சொல்லும் மனிதருக்கு ஊசி என்றால் நடுக்கம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"எங்க புள்ளைங்களுக்கு ஆவறது உங்களுக்கு ஆவாதா?" என்றாள் துளசி.

முப்பத்தெட்டு பேரும் அவரையே பார்த்தார்கள். மனிதர் சட்டையைச் சுருட்டிக்கொண்டு கண்ணை மூடினார். "ஜல்தி, ஜல்தி" என்றார். நான் அவசரப்படவில்லை. மெமோ, ரிஜிஸ்டர் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு நிதானமாகத் திருகினேன்.

அடுத்த கை துளசியின் குழந்தையுடையது. ஒருவர் விடாமல் முப்பத்தெட்டு பேரும் போட்டுக்கொண்டார்கள். "எட்டாம் நாளு பாக்கணும், குத்துன எடத்துல பொக்குளம் கட்டியிருந்தாத்தான் கணக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

4. எட்டாம் நாள்

எட்டாம் நாள் புளியமரத்தடியில் மூன்று அடுப்புக்கல் மட்டும் கிடந்தது.

"பாத்தியா? கம்பி நீட்டிட்டாங்க. இவங்கள நம்பி மருந்த வீணடிச்சியே" என்றார் இன்ஸ்பெக்டர், தன் கைப் பொக்குளத்தைச் சொறிந்துகொண்டே. அவர்கள் போனதைவிட, துளசியும் சொல்லாமல் போய்விட்டாளே என்றுதான் வருத்தம்.

சாயந்திரம் ஆபீஸ் காகிதம் ஒன்றைக் கொடுக்க விழுப்புரத்துக்கு ரயில் ஏறினேன். ஜங்ஷனில் இறங்கியதும் பாசிமணிக் கூடையோடு ஒரு பெண் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். துளசிதான். வந்ததும் குழந்தையின் கையைத் தூக்கி என் மூக்குக்கு நேராகக் காட்டினாள். பொக்குளம் அச்சடித்ததுபோல் கட்டியிருந்தது.

"எட்டாம் நாளு பாக்கணும்னீங்களே, எங்க போயிட்டீங்க சாமி? காலையில இருந்து ஒவ்வொரு ரயிலா பாத்துக்கினு நிக்கறோம்!"

அவள் பின்னால் ரங்கன் நின்றார். அவருக்குப் பின்னால் பிளாட்பாரத்தின் நீளத்துக்கு எல்லோரும் சட்டையைச் சுருட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"நான் திண்டிவனத்துல தேடினேம்மா. இங்க வருவீங்கன்னு சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கவே இல்லியே சாமி."

முப்பத்தெட்டையும் பார்த்து எழுதினேன். கதவு எண் என்ற கட்டத்தில் 'விழுப்புரம் ஜங்ஷன், இரண்டாம் பிளாட்பாரம்' என்று போட்டேன். இன்ஸ்பெக்டர் அப்படியே கையெழுத்திட்டார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அன்றிலிருந்து யாரிடமும் 'எங்கே குடியிருக்கிறீர்கள்' என்பதோடு நான் நிறுத்தியதில்லை. 'எட்டாம் நாள் எங்கே இருப்பீர்கள்' என்றும் கேட்பேன். நான் கேட்ட எல்லோரும் சொன்னார்கள். சொன்ன இடத்தில் நின்றார்கள்.