மைனஸ் பதினாலில் சிவப்பு மெழுகு

இந்தப் பயணத்தில் சறுக்க வேண்டியிருந்த தூரம் இரண்டு கிலோமீட்டர்தான். அதையும் நாங்கள் முடிக்கவில்லை. முதன்முதலாகப் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் என்னைப்போல் மொக்குத்தனம் பண்ணக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் மனைவி சாந்தி ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில், ஒரு முதியோர் இல்லத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். அங்கே ஒரு யன்னலால் பார்த்தால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மொன்றியல் மலை தெரியுமாம். ஒருநாள் சறுக்கிக்கொண்டே மலை மேலுள்ள பார்வை மேடைக்குப் போய், அங்கிருந்து தன் யன்னல் பக்கம் பார்க்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஒவ்வொரு பனிக்காலமும் “பேந்து பாப்பம்” என்று தள்ளிப்போட்டவன் நான். இந்தப் பெப்ரவரியில் அவளுடைய முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை நாள் குறித்தார்கள். அதன்பிறகு சறுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கையில் இருந்தது ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை.

பழைய சறுக்குக் கட்டைகள் சோடி அறுபது டொலர், மெழுகுப் பெட்டி இருபத்திரண்டு. பாதைக்குக் கட்டணம் இல்லை. காலை 9.40க்கு வில்லரேயில் மெட்ரோ எடுத்து, பிறகு பஸ் மாறி, 10.25க்கு மலைக் குளத்தடியில் இறங்கினோம். குளிர் மைனஸ் பதினாலு.

கட்டையின் நடுப்பகுதியில், பாதத்துக்குக் கீழே, பிடிப்பு மெழுகு பூசவேண்டும். இல்லாவிட்டால் ஏற்றத்தில் கால் பின்னால் வழுக்கும். பெட்டிக்குள் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று இருந்தன. நான் சிவப்பை எடுத்தேன்.

“இஞ்சை பாருங்கோ, சிவப்பு சைபருக்கு மேலை எண்டெல்லோ போட்டிருக்கு” என்றாள் சாந்தி. “இண்டைக்குப் பச்சைதான் பூசவேணும்.”

“உமக்கென்ன விசரே? பச்சை குளிர்ச்சி. இந்தக் குளிருக்குச் சூடானதுதான் வேணும்.”

தடிமன் வந்தால் இஞ்சியும் மிளகும் குடித்து வளர்ந்த மூளை, மெழுகுக்கும் அதே வைத்தியத்தைப் பார்த்தது. போதாக்குறைக்கு, தோசைக்கல்லுக்கு நல்லெண்ணெய் விடுவதுபோலத் தாராளமாக, நுனி முதல் வால் வரை அப்பினேன். அவளுடைய கட்டைகளுக்கும் நானே பூசினேன்.

இருபது அடி போவதற்குள் பனி கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டது. உயரக் குதிச் செருப்புப் போட்டவர்கள்போல நின்றோம். எங்களைக் கடந்துபோன ஒரு கியூபெக் பெண்மணி கட்டையைப் பார்த்து, “ரூஜ்?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிவப்பா என்று பிரெஞ்சில் கேட்கிறார். பஸ் கார்டால் சுரண்டி, மேலே பச்சையைப் பூசிப் பார்த்தேன். மென்மையான மெழுகின் மேல் கடினமானது நிற்காது. இதைப் பிறகுதான் அறிந்தேன்.

நானூறு மீட்டர் போக ஒரு மணித்தியாலம் எடுத்தது. அந்தப் பாரத்தைத் தூக்கித் தூக்கி அவளுடைய முழங்கால் வீங்கிவிட்டது. “காணும், வீட்டை போவம்” என்றாள். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு, அவள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்து மூன்றாம் நாள், நான் தனியே போனேன். பழைய மெழுகை முழுவதும் வழித்துவிட்டு, நடுவில் மட்டும் பச்சையை மூன்று மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றையும் தக்கையால் தேய்த்தேன். பத்து நிமிடம் கட்டையை வெளியில் ஆறவிட்டேன். நாற்பது நிமிடத்தில் மேடையில் நின்றேன். இவ்வளவு சுகமாக ஏறியது எனக்குச் சந்தோசமாகவே இல்லை.

ஆற்றையும் அக்கரையையும் படம் எடுத்து வந்து காட்டினேன்.

“வடிவா இருக்கு” என்றாள். படத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இதிலை என்ரை யன்னல் எதப்பா?”

எனக்குத் தெரியவில்லை. எத்தனையாம் மாடி என்றுகூடப் பதினொரு வருடத்தில் நான் கேட்டதில்லை.

போகிறவர்களுக்கு: கடுங்குளிருக்குப் பச்சை, பனி உருகும் நாளுக்குச் சிவப்பு. பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். வாசித்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால், அவர் எந்த யன்னலைப் பார்க்க வருகிறார் என்பதையும் புறப்படுமுன் கேட்டுவையுங்கள்.