கிழங்கு வெந்த தண்ணீர்

குச்சிக்கிழங்கு வேகும்போது பானையை மூடக் கூடாது. கொதித்த தண்ணீரை வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குழியில் ஊற்றிவிட்டுக் குழியின் மேல் முள்ளை இழுத்துப் போட வேண்டும். நடக்கப் பழகிய நாளிலிருந்து இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டே வளர்ந்தேன். ஏன் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. செருப்போடு கோயிலுக்குள் போகக் கூடாது என்பதைப் போல இதுவும் ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.

கொல்லிமலையில் எடப்புளி நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் எங்கள் வீடு. மரவள்ளியைத்தான் நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம். தண்டைத் துண்டு துண்டாக வெட்டி ஊன்றினால் போதும், வந்துவிடும். அதுவரை சாமையும் கேழ்வரகும் விதைத்த சரிவில் அந்த வருடம் அப்பா முழுக்கக் குச்சி ஊன்றியிருந்தார். அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற ரகம் அது, கசக்கும். வீட்டில் தானியம் தீர்ந்துவிட்டால் அதையே இரண்டு முறை தண்ணீர் வடித்துத் தின்போம். அந்த வருடம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

எனக்கு எட்டு வயது. அப்பா பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போயிருந்தார். அம்மா தோலைச் சீவி வாளியில் போட்டுவிட்டு, கிழங்கை அடுப்பில் ஏற்றி, கைக்குழந்தையாக இருந்த தங்கச்சியை இடுப்பில் கட்டிக்கொண்டு குடத்தை எடுத்தாள்.

"கண்ணு, கொதிச்சதும் தண்ணிய வடிச்சுக் குழியில ஊத்திரு. மூடிகீடி வெச்சறாத."

விறகு ஈரம். பானை கொதிப்பேனா என்றது. அம்மா தலை மறைந்ததும் தட்டை எடுத்து மூடினேன். கொதித்ததும் இன்னொரு யோசனை வந்தது. ஊற்று கீழே பள்ளத்தில் இருந்தது. ஒவ்வொரு குடமும் அம்மாவின் தலையில் ஏறித்தான் மேலே வரும். அந்தத் தண்ணீரை உப்புப் போட்டுச் சுட வைத்து மண்ணில் ஊற்றுவது எனக்குப் பெரிய ஊதாரித்தனமாகப் பட்டது. வாசலில் எங்கள் வெள்ளாடு சாரலில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பால் வற்றிப்போயிருந்ததால் தங்கச்சிக்கு அந்த ஆட்டின் பால்தான். சுடுதண்ணீரைத் தோல் கிடந்த வாளியிலேயே வடித்து, ஆறவிட்டு, ஆட்டின் முன்னால் வைத்தேன். அது முகத்தை எடுக்காமல் குடித்தது, தோலையும் தின்றது. அது குடிப்பதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. டம்ளரில் மொண்டு இரண்டு வாய் குடித்தேன். வெதுவெதுப்பாக, உப்பாக இருந்தது. கடைசியில் கொஞ்சம் கசந்தது.

அம்மா குடத்தோடு திரும்பியபோது ஆடு கால் பின்னி விழுந்து, வாயில் நுரையோடு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. அவள் வாளியைப் பார்த்தாள். குடம் தலையிலிருந்து சரிந்து உடைந்தது. நான் ஆட்டின் பக்கம் ஓடினேன். அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"நீ குடிச்சியா?"

"இல்லம்மா."

"அடிக்க மாட்டேன் சாமி. சொல்லு. குடிச்சியா?"

அடிக்க மாட்டேன் என்று சொல்லித்தான் எப்போதும் அடிப்பாள். இல்லை என்றே நின்றேன். என் வாயைப் பிளந்து மோந்து பார்த்தாள். அடுத்த நிமிடம் அவள் விரல் என் தொண்டைக்குள் இருந்தது. குடித்ததெல்லாம் வெளியே வந்தது. வெல்லத்தைக் கரைத்து என் வாயில் ஊற்றினாள். தங்கச்சியை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தபடி ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, ஆடும்மா."

"ஆடு கெடக்குது, வாடா."

அந்த நடையை நான் மறுபடி நினைத்தது இருபது வருடம் கழித்து, கானா நாட்டில். எட்டாவதோடு பள்ளியை விட்டு, கட்டட வேலை, லாரி கிளீனர் என்று சுற்றி, திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரின் போர்வெல் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து அங்கே போயிருந்தேன். ஓர் ஊரில் துளை போடும்போது எதிர்வீட்டில் ஒரு பெண் கிழங்கைச் சீவித் துருவி, கோணியில் கட்டி, மேலே பாறாங்கல்லை ஏற்றி வைத்தார். கோணியிலிருந்து பால் மாதிரி தண்ணீர் வடிந்தது. மூன்று நாள் அப்படியே கிடந்தது. பிறகு மாவை உதிர்த்து அகலமான சட்டியில் வறுத்தார்.

துளை போடும் எங்கள் டிரில்லர் சிரித்தார். "ஏண்டா கொல்லிமல, உங்கூருக் கெழங்கு உனக்கு முன்னாடியே விசா வாங்கிட்டு வந்துருச்சாட்டிருக்குது."

நான் சிரிக்கவில்லை. வடிந்த தண்ணீருக்குப் பக்கத்தில் ஆறேழு வயதுப் பெண்குழந்தை ஒன்று குச்சியோடு உட்கார்ந்து ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தது.

மாவு வறுத்த பெண்ணிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். இது எங்கள் கிழங்கும் இல்லை, கப்பலில் வந்தது என்றார். மீதியைப் பிறகு படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடலுக்கு அந்தப் பக்கம், தென்னமெரிக்கக் காட்டு ஆறுகளின் கரையில் இருந்த சனங்கள்தான் இதை முதலில் பயிராக்கியிருக்கிறார்கள். விஷமுள்ள கிழங்கைத் துருவிப் பிழிந்து சோறாக்கலாம் என்று கண்டுபிடித்தவர்களும் அவர்கள்தான். மூடாமல் வேகவைத்தால் விஷம் கொஞ்சம் ஆவியில் போகும், மீதி தண்ணீரில் இறங்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதைக் கண்டுபிடிக்கும் முன் எத்தனை பேர் செத்திருப்பார்கள்? எத்தனை ஆடு? யாரோ ஒருவர் தின்று விழுந்ததைப் பார்த்த பிறகும், பசி தாங்காமல் இன்னொருவர் வேறு விதமாகச் செய்து தின்று பார்த்திருக்க வேண்டும். போர்ச்சுகல்காரர்களின் கப்பலில் அந்தத் தண்டு ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறது, நம் கடற்கரைக்கும் வந்து மலையேறியிருக்கிறது. ஆதியிலிருந்து எங்களுடையது என்று நான் நினைத்திருந்த கேழ்வரகுகூட ஆப்பிரிக்காவின் கிழக்கு மேட்டு நிலத்தில் பிறந்ததாம். ஒரு தட்டில் எத்தனை கடல்.

குச்சி வந்தது பெரிதில்லை, குச்சியைக் கட்டித் தூக்கிவரலாம். மூடாதே, முதல் தண்ணீரைக் குடிக்காதே என்ற சொல் எப்படி வந்தது? யார் யாருக்குச் சொல்லி, எத்தனை பாஷை மாறி, பேளுக்குறிச்சிக்கு அப்பால் போகாத என் அம்மாவின் வாய்க்கு அது வந்து சேர்ந்தது?

ஆடு விழுந்த அன்றைக்கு ரோட்டில் பஸ் கிடைத்தது. கண்டக்டர் என் அழுகையைப் பார்த்து, "என்னக்கா, பள்ளிக்கூடத்துக்கா இழுத்துட்டுப் போற?" என்றார்.

"நல்லபடியா இருந்தான்னா நாளைக்கு அங்கயும் இழுத்துட்டுப் போறனுங்க" என்றாள் அம்மா.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கண்ணில் டார்ச் அடித்தார். "எவ்வளவு குடிச்சான்?"

"ஒண்ணுமே குடிக்கலங்கறானுங்க. ஆனா வாயி வாசம் அடிச்சுதுங்க."

வாந்தி எடுக்க வைத்தது நல்லதாகப் போயிற்று, சாயங்காலம் வரை இருக்கட்டும் என்றார் அவர். எனக்குக் கண் சொருகிய போதெல்லாம் அம்மா என் தொடையில் கிள்ளி எழுப்பினாள். ஆட்டைக் கொன்றதற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் ஆட்டைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஆடு விழுந்த இடத்திலேயே விறைத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு நின்றிருந்தார். "கறிக்கும் ஆகாதுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் குழி தோண்டப் போனார். தங்கச்சி பாலுக்கு அழுதாள்.

"ஆட்டையும் ஏம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரல?" என்று கேட்டேன்.

"கை இல்ல சாமி."

அவளைப் பார்த்தேன். ஒரு கை தங்கச்சியை அணைத்திருந்தது. இன்னொரு கை, பஸ்ஸிலும் விடாமல், இன்னும் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அந்த இடம் சிவந்து வலித்தது. நான் என் காலால்தானே நடந்து வந்தேன். என்னை விட்டிருந்தால் ஒரு கை மிஞ்சியிருக்குமே என்று நாலு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.