இருபத்தெட்டாம் நாள்

அரசுக் கட்டுமானச் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'நொறுக்கி'. வேலையும் அதுதான். ஊரில் எங்கே காங்கிரீட் போட்டாலும் அதில் கொஞ்சம் எடுத்து, ஒரு சாண் கூட வராத கட்டிகளாக வார்த்து அவளிடம் அனுப்புவார்கள். தொட்டித் தண்ணீரில் ஊறும் கட்டியை இருபத்தெட்டாம் நாள் எடுத்து இயந்திரத்தில் வைத்து நசுக்குவாள். எவ்வளவு தாங்குகிறதோ அதுதான் அந்தக் கட்டடத்தின் தலையெழுத்து. அவள் கணவனோ மேஸ்திரி. "அவரு கட்டுறாரு, இவங்க உடைக்கிறாங்க. பொருத்தம்னா இதான் பொருத்தம்" என்று கூடத்தில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தச் சிரிப்புக்கு உலை வைத்தது ஒரு புது அரசாணை. சிமெண்ட் சுடும்போது வெளியேறும் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டுமாம்; இனி அரசுக் கட்டடங்களுக்கு இரும்பாலைக் கசடு பாதி கலந்த சிமெண்ட்தான். நல்ல எண்ணம், குறை சொல்ல முடியாது. ஆனால் கசடு கலந்த காங்கிரீட் கொஞ்சம் சோம்பேறி. மெதுவாகத்தான் இறுகும். இரண்டு மாதம் பொறுத்தால் பழையதையே மிஞ்சும். சிமெண்டை மாற்றிய மகராசன்கள் சோதனை நாளை மாற்றவில்லை. கரியைப் பார்ப்பது ஒரு துறை, சோதனையைப் பார்ப்பது வேறு துறை. ஒரே கட்டடத்தில் மேல்மாடியும் கீழ்மாடியுமாக இருந்துகொண்டு, சண்டை போட்ட சம்பந்திகள்போல் முகம் பார்ப்பதில்லை.

புதுச் சிமெண்டில் முதலில் எழும்பியது ஒரு பிரசவ மருத்துவமனை. மேஸ்திரி அவள் கணவன்தான். தூண்கள் சோதனையில் தோற்றால் இடிக்க வேண்டும், மேஸ்திரிக்கு அப்புறம் அரசு வேலையே கிடையாது என்பது விதி.

அந்த நாள் வந்தது. அந்தத் தூண்களுக்கு வார்த்த மூன்று கட்டிகளும் தாங்க வேண்டிய பாரத்துக்கு முன்பே விரிசல் விட்டன. சோதனைக்கூடத்துப் பொறியாளர் அம்மாவிடம் அவள் போய் நின்றாள்.

"மேடம், இன்னும் ஒரு மாசம் விட்டா இது பாஸ் ஆயிடும்."

"எனக்குத் தெரியாதா? நாள மாத்துங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. கமிட்டி போட்டிருக்காங்களாம்." பொறியாளரின் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "இன்னைக்கு மெஷின் என்ன காட்டுச்சோ அதத்தான் சொல்லணும். நீ சொல்லலைன்னா நான் சொல்லணும்."

அவளே சொன்னாள். வீட்டிலும் அவளே சொன்னாள்.

"என் கலவையில என்ன குத்தம்?" என்றான் சோற்றில் கைவைத்தபடி.

"ஒரு குத்தமும் இல்லீங்க. நாள்தான் பத்தல."

"பொறக்கவேண்டிய புள்ளைய அஞ்சாம் மாசமே வெளிய எடுத்து, ஏன்டா நடக்கலன்னு கேட்ட கதையால்ல இருக்கு!" என்று கையை உதறிவிட்டு எழுந்துவிட்டான். அவள் அழுதாள். நசுக்கியது தன் கைதானே என்று அவளுக்கு ஆறவே இல்லை.

இடிக்கச் சொல்லும் உத்தரவு நத்தைபோல் மேசை மேசையாக ஊர்ந்து வருவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. மறுபடி சோதிக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதற்கு விதியில்லை. கமிட்டியும் ஒருவழியாக வாய் திறந்தது. கசடுச் சிமெண்ட் பலமில்லை, பழைய சிமெண்டிலேயே மருத்துவமனையை மறுபடி கட்டுங்கள் என்றது. ஒரு கட்டடத்துக்கு இரண்டு கட்டடத்தின் கரி.

வேலை போன மேஸ்திரியை இடிக்கிற காண்ட்ராக்டர் தினக்கூலிக்குக் கூப்பிட்டார். அடுப்பு எரிய வேண்டுமே, போனான். முதல் நாள் சாயங்காலம் திரும்பி வந்தபோது கை நடுங்கித் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அவள்தான் தண்ணீரை வாயருகே பிடித்தாள்.

"தூணு அசையவே மாட்டேங்குது. ரெண்டு மெஷின் உளி முறிஞ்சு போச்சு. எந்தப் பாவி இவ்ளோ கெட்டியா போட்டான்னு ஆளாளுக்குத் திட்டுறானுங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்த சொல்றது? நானும் சேந்து திட்டினேன்."