மணக்காத சுக்கு

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் நான் கொச்சியில் ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருந்தேன். பார்க்கின்சன் நோய் மூளையில் எப்படித் தொடங்குகிறது என்று அறியும் ஆய்வுக்காக ஓர் அக்கா வந்தார். மட்டாஞ்சேரி கிடங்கில் சுக்குத் தரம் பிரித்தவர். ஒல்லியான உருவம், படிய வாரிய நரைமுடி. நடுங்கும் வலது கையை இடது கையால் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"நடுக்கம் வர்றதுக்கு முன்னாடி வாசனை தெரியாமப் போச்சா அக்கா?" என்று கேட்டேன்.

"நாலு வருஷம் முன்னாடியே மோனே. சுக்கு மணக்கவே இல்ல. பழைய சரக்கைக் கலக்குறீங்கன்னு முதலாளிகிட்ட சண்டை போட்டு வேலையை விட்டேன்."

"சிலருக்கு இந்த நோய் அப்படித்தான் தொடங்கும்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்போ சரக்கு நல்லதுதானா?"

ஸ்கேன் முடிந்ததும் சாயா குடிக்கச் சொன்னேன்.

"வேணாம் மோனே. கிடங்கு அடைக்கிறதுக்குள்ள போய் முதலாளிகிட்ட சொல்லணும்" என்று கிளம்பிவிட்டார்.

தன் நோயைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.