பிஸ்கட் டின்னில் கிடந்த கண்ணாடி

எங்கள் ரப்பர் தோட்டத்து ஜெபக்கூடத்தில் சிலுவைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் என் அத்தையின் மூக்குக்கண்ணாடி கிடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், பட்டணத்திலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் எங்களுக்குச் சுகமளிக்கும் கூட்டம் நடத்தினார். கண் தெளிந்துவிட்டது என்று விசுவாசிக்கிறவர்கள் கண்ணாடியைக் கழற்றி இதில் போடுங்கள், அதுதான் சாட்சி என்றார். அத்தை போட்டாள். சொன்னவரின் மூக்கிலேயே தடித்த கண்ணாடி ஒன்று உட்கார்ந்திருந்ததைப் பற்றி அன்று யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தை ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரத்துக்குக் காயம். கண்ணாடி இல்லாமல் அவள் வெட்டிய மரங்களிலெல்லாம் காயம். மேற்பார்வை பார்த்த மண்டோர்தான் எங்கள் சபை மூப்பரும். ஞாயிற்றுக்கிழமை அவள் சாட்சிக்கு அல்லேலூயா சொன்ன அதே வாய், திங்கட்கிழமை மரத்தடியில் நின்று அவளைக் கண்டபடி ஏசியது. கண் இன்னும் சரியாகவில்லை என்று அவள் சொன்னதற்கு, "ஒனக்கு விசுவாசம் பத்தலம்மா" என்றார். இப்படியே போனால் கூலி குறைவான புல்லு வெட்டுற வேலைக்குத்தான் அனுப்புவேன் என்றும் மிரட்டினார். வீட்டுக்கு வந்து அத்தை அழுதது வேலை போய்விடும் என்று அல்ல, தான் விசுவாசியே இல்லையோ என்று பயந்து. அந்தப் பயத்தை அவளுக்குள் போட்டவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அத்தை எழுந்து போய் டின்னைத் திறந்தாள். கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டாள். பாட்டு நின்றுவிட்டது.

"சாட்சி சொல்லிட்டுத் திரும்ப எடுக்குறியே, ஆண்டவர சந்தேகப்படுறியா?" என்றார் மண்டோர்.

"கண்ணு மங்கலா இருக்குன்னு அவருக்குத் தெரியும்ணே. அவருகிட்டயே எதுக்குப் பொய் சொல்லணும்?"

தன் இடத்துக்குத் திரும்பியவள், விட்ட அடியிலிருந்து தனியாகவே பாட ஆரம்பித்தாள். சாகும்வரை அவள் ஜெபக்கூடத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. சந்தேகம் விசுவாசத்துக்கு எதிரி என்று எந்த மேடையில் யார் முழங்கினாலும் எனக்கு அந்தத் தனிக்குரல்தான் கேட்கிறது.

போன மாதம் கோலசிலாங்கூர் பட்டணத்தில் ஒரு மண்டபத்தில் சுகமளிக்கும் கூட்டம். பெரிய திரை, ஏர்கோன் குளிர். அங்கேயும் ஒரு பெட்டி வரிசை வரிசையாக வந்தது. பக்கத்திலிருந்த வயதான அம்மா தயங்கித் தயங்கித் தன் கண்ணாடியைக் கழற்றி அதில் போட்டார். பெட்டி என் கைக்கு வந்தது. கண்ணாடியை எடுத்துத் துடைத்து அவர் மடியில் வைத்தேன்.

"போட்டுக்குங்கம்மா," என்றேன். "அவரு கோவிச்சுக்க மாட்டாரு."