பத்தாவது கையெழுத்து

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவனை எல்லோரும் சிலிண்டர் என்றுதான் கூப்பிடுவோம். இதே ஆஸ்பத்திரிக்கு ஏழு வருடம் ஆக்ஸிஜன் சிலிண்டர் உருட்டிக்கொண்டு வந்தவன், முப்பது வயதில் என்ன பேய் பிடித்ததோ, சுவாச சிகிச்சைப் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டான். "உருட்டினது போதும்க்கா. உள்ள போய் அது என்ன பண்ணுதுன்னு பாக்கணும்" என்றான். அப்பாவும் மூன்றாவது படிக்கும் மகளும் ஒரே மேஜையில் வீட்டுப்பாடம் எழுதும் கூத்து அவன் வீட்டில்தான் நடக்கும்.

கடைசி வருடம். வென்டிலேட்டரிலிருந்து மீண்ட பத்துப் பேரின் தொண்டைக் குழாயை, டாக்டர் பக்கத்தில் நிற்க, அவன் கையால் எடுத்திருக்க வேண்டும். அதற்கு லாக் புக்கில் பத்துக் கையெழுத்து இருந்தால்தான் தேர்வு. ஒன்பது ஆகிவிட்டது. அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. தவறினால் ஒரு வருடம் போச்சு. இன்னொரு வருடம் ஒற்றை ஆளாக வீட்டை இழுக்கத் தெம்பில்லை, இந்தத் தடவை முடியாவிட்டால் பழைய வேலைக்கே போய்விடுங்கள் என்று அவன் மனைவி சொல்லியிருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஐந்தாம் படுக்கையில் ஒரு லாரி டிரைவர், பதினோரு நாளாகக் குழாயோடு. காலையிலிருந்து தானாக மூச்சு விடுகிறார், கையைக் கொடுத்தால் அழுத்துகிறார். மணி மூன்றரை. கீழே அவசரப் பிரிவில் இன்னொருவர் இந்த வென்டிலேட்டர் மெஷினுக்காகக் காத்திருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு போன். டாக்டர் காலில் வெந்நீர் கொட்டியது போலப் பறந்துகொண்டிருந்தார்.

எடுக்கும் முன் ஒரு சோதனை உண்டு. தொண்டைக்குள் குழாயைச் சுற்றி ஒரு சின்ன பலூன் இருக்கும். அதன் காற்றை இறக்கினால் குழாயின் ஓரமாக மூச்சு கசிய வேண்டும். கசியாவிட்டால் உள்ளே வீக்கம் என்று அர்த்தம். குழாய் வெளியே வந்ததும் வழி அடைத்துக்கொள்ளலாம்.

சிலிண்டர் பலூனை இறக்கி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தான். முகம் செத்துப்போயிற்று. மெஷின் திரையில் உள்ளே போன காற்று நானூற்று எண்பது மில்லி, திரும்பி வந்தது நானூற்று எழுபது; கசிவு இல்லாத மாதிரிதான். மறுபடி பார்த்தான். மூன்றாம் முறையும் அதே.

"என்னய்யா, கசியுதா இல்லையா?" டாக்டர் போனைக் காதில் வைத்தபடியே கத்தினார்.

நான் செய்ததைச் சொல்லியே ஆக வேண்டும். இருபத்திரண்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். கசியாமலே குழாயை எடுத்து, நன்றாக எழுந்து உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவன் காதருகே போய், "கசியுதுன்னு சொல்லித் தொலைடா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவன் நெற்றியெல்லாம் வியர்வை. லாரிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குழாய் இருக்கும்போது என்ன ஏதென்று கேட்கவும் முடியாது, பாவம்.

"கசியல சார். மூணு தடவ பாத்துட்டேன்."

டாக்டர் வந்து தானும் வைத்துக் கேட்டார். "சே!" என்று வீக்கம் குறைய ஊசி எழுதினார். கீழே இருந்தவருக்குப் பக்கத்து வார்டில் கெஞ்சி வாங்கிய மெஷினைச் சிலிண்டரே தள்ளிக்கொண்டு போனான். ஐந்து மணிக்கு ஒன்பது கையெழுத்தோடு நோட்டைக் கொடுத்தான்.

மறுநாள் கசிந்தது. டாக்டரே குழாயை எடுத்தார். அப்படியும் அரை மணி நேரம் லாரிக்காரர் தொண்டை கீச்சிட்டது. நெபுலைசரைப் பிடித்துக்கொண்டு சிலிண்டர் நகரவேயில்லை. "நேத்து எடுத்திருந்தா ஆள் போயிருப்பாரு" என்றார் டாக்டர்.

மதியம் கல்லூரியிலிருந்து தாள் வந்தது. போதிய பயிற்சி இல்லாததால் தேர்வு எழுத அனுமதி இல்லையாம். பயிற்சி இல்லையாம்! வாயில் வந்ததையெல்லாம் கத்தித் தீர்த்தேன்.

"வீட்ல சொல்லிட்டியா?"

"இல்லக்கா. பயமா இருக்கு. நீங்க வர்றீங்களா?"

டூட்டி முடிந்து அவனோடு போனேன். கதவைத் திறந்த அவன் மனைவியிடம், அவன் காதில் நான் சொன்னதைத்தான் முதலில் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"உங்க பேச்சக் கேட்டிருக்கலாமே இவரு" என்று அழுதாள்.

"நாளைக்கே பழைய சிலிண்டர் கம்பெனில போய் வேலை கேக்கறேன்" என்றான் அவன்.

"சும்மா இருங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒண்ணுதானே பாக்கி?"