இரண்டு தட்டு

என் பழைய ஸ்கூட்டரின் கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூ இறுகியிருந்தது. மெக்கானிக் பாய் ஸ்க்ரூடிரைவரை அதன்மேல் அழுத்தி, சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார். இளகிவிட்டது. பெட்ரோல் வாசனை எழுந்தது.

பல வருடங்களுக்கு முன், ஓர் ஆடிக் கிருத்திகை. எங்கள் ஊர் கண்டிகையின் ஆட்டோக்கள் எல்லாம் திருத்தணி மலைக்குப் போய்விட்டன. அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பாத பைக்கின் கார்புரேட்டரோடு நைனா மல்லுக்கட்டினார். கத்தி முனையால் திருப்பித் திருப்பி ஸ்க்ரூவின் தலையே தேய்ந்துபோனது.

"தோ, வந்துகினே இருக்குது" என்றார்.

"பதறாதீங்க, நிதானமா கழட்டுங்க" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

இன்று வீட்டுக்கு வந்ததும் நைனா கேட்டார். "கார்புரேட்டர் ஸ்க்ரூ சுலபமா வந்துச்சாம்மா?"

"வரவே இல்ல நைனா. கார்புரேட்டரையே மாத்திட்டாரு."